ஒன்பது பைட்டில் ஒரு கூட்டல்

3ஈ, 05, 06, 03, 80, 32, 00, 45, 76.

நுண்செயலி ஆய்வகத்தில் முதல் நாள் கரும்பலகையில் எழுதிப்போடுவது பெரும்பாலும் இப்படி ஒரு வரிசையைத்தான். 8085 பயிற்சிக் கிட்டின் முன்னால் உட்கார்ந்து, 4100 என்ற முகவரியிலிருந்து ஒவ்வோர் எண்ணாகத் தட்டி, ஒவ்வொன்றுக்கும் பிறகு ‘நெக்ஸ்ட்’ விசையை அழுத்தி, கடைசியில் ஓடச் சொல்ல வேண்டும். ஏதாவது நடந்ததா என்பதே தெரியாது. கிட்டை ரீசெட் செய்துவிட்டு 4500 என்ற முகவரியைத் திறந்து பார்த்தால் 08 என்று இருக்கும். ஐந்தும் மூன்றும் எட்டு.

இந்தச் சின்னக் கூட்டலுக்கு இவ்வளவு பாடா என்று அன்று தோன்றும். ஆனால் இந்த ஒன்பது எண்களும் எதற்கு, ஏன் இந்த வரிசையில், எது மாறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தெரிந்துவிட்டால், கணினி எப்படி வேலை செய்கிறது என்பதில் பாதிக்கு மேல் தெரிந்தாகிவிட்டது. அசெம்பிளி மொழியைப் படிக்கச் சொல்வதற்கு நான் தரும் முதல் காரணம் இதுதான். அதில் நிரல் எழுதி வேலைக்குப் போகிறவர்கள் சிலரே. ஆனால், இயந்திரம் எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதை நேருக்கு நேர் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

பழைய 8085-ஐ ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கலாம். முழுவதையும் மனத்தில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அது சிறியது. இன்டெல் நிறுவனம் 1971-இல் 4004 என்ற முதல் நுண்செயலியை வெளியிட்டது. பிசிகாம் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் கால்குலேட்டருக்காகப் பிறந்தது அது. உள்ளே சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள். 1972-இல் 8008, 1974-இல் 8080, 1976-இல் 8085 என்று வரிசையாக வந்தன. 8080-க்கு மூன்று வெவ்வேறு மின்னழுத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. 8085-க்கு 5 வோல்ட் ஒன்றே போதும். பெயரின் கடைசியில் இருக்கும் 5 அதைத்தான் குறிக்கிறது. உள்ளே சுமார் 6,500 டிரான்சிஸ்டர்கள். இன்று விலை உயர்ந்த கைபேசி ஒன்றின் சில்லில் ஆயிரம் கோடிக்கு மேல் இருக்கும். அந்த ஆயிரம் கோடியை எந்த மனிதராலும் ஒரு தாளில் வரைந்துகாட்ட முடியாது. 8085-ஐ வரையலாம். 1997-இல் செவ்வாயின் தரையில் ஊர்ந்த சோஜர்னர் ஊர்தியின் மூளையும் இதே குடும்பத்தைச் சேர்ந்த 80சி85தான் என்பதைச் சொன்னால், ‘பழைய சாமான்’ என்ற எண்ணம் மாணவர்களிடம் கொஞ்சம் மாறுகிறது.

சரி, உள்ளே என்ன இருக்கிறது?

ஒரு பலசரக்குக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அலமாரி முழுக்கச் சரக்கு இருக்கும். ஆனால் எடைபோட வேண்டுமென்றால் எதையும் தராசுத் தட்டுக்குக் கொண்டுவந்தாக வேண்டும். அலமாரியில் இருந்தபடியே எதையும் நிறுக்க முடியாது. 8085-இல் அந்தத் தட்டுக்குப் பெயர் அக்குமுலேட்டர், சுருக்கமாக ‘ஏ’. கூட்டல், கழித்தல், ஒப்பிடல் எல்லாம் ஏ-வில்தான் நடக்கும். கூட்டல், கழித்தலின் விடையும் ஏ-விலேயே வந்து நிற்கும். கைக்கெட்டும் தூரத்தில், மேசைமேல் வைத்துக்கொள்ள இன்னும் ஆறு சிறு கிண்ணங்கள்: பி, சி, டி, ஈ, எச், எல். இவற்றுக்கு ரிஜிஸ்டர் என்று பெயர். ஒவ்வொன்றிலும் எட்டு பிட், அதாவது 0 முதல் 255 வரை ஏதாவது ஓர் எண் மட்டுமே இருக்க முடியும். எச்-ஐயும் எல்-ஐயும் சேர்த்துப் பிடித்தால் 16 பிட் ஆகும். ஒரு முகவரியை வைத்துக்கொள்ள அந்த இணை மிகவும் உதவும்.

அலமாரிதான் நினைவகம். 8085-க்கு 16 முகவரிக் கம்பிகள். ஒவ்வொன்றும் 0 அல்லது 1 என்றால் மொத்தம் 65,536 முகவரிகள். ஒவ்வொரு முகவரியிலும் ஒரு பைட். அவ்வளவுதான் அதன் உலகம்.

இந்த எண்களை நாம் பதின்மத்தில் எழுதுவதில்லை, ஹெக்ஸில் எழுதுகிறோம். 0 முதல் 9 வரை வழக்கம்போல. பத்துக்கு ஏ, பதினொன்றுக்கு பி என்று போய்ப் பதினைந்துக்கு எஃப். நான்கு பிட்டுக்கு ஓர் இலக்கம் என்பதால் எட்டு பிட்டை இரண்டே இலக்கத்தில் சொல்லிவிடலாம். 3ஈ என்றால் 3 × 16 + 14, அதாவது 62. ரிஜிஸ்டரின் பெயரும் ஏ, ஹெக்ஸில் பத்தும் ஏ. முதல் வாரம் இது குழப்பும், பிறகு பழகிவிடும்.

இப்போது அந்த ஒன்பது எண்களை அவற்றின் பெயர்களோடு எழுதிப் பார்ப்போம். இடது பக்கம் முகவரி, நடுவில் இயந்திரம் படிக்கும் எண்கள், வலது பக்கம் நாம் படிக்கும் சொல்.

4100: 3ஈ 05 — எம்விஐ ஏ, 05
4102: 06 03 — எம்விஐ பி, 03
4104: 80 — ஆட் பி
4105: 32 00 45 — எஸ்டிஏ 4500
4108: 76 — ஹால்ட்

நடுவில் இருப்பது இயந்திர மொழி. வலது பக்கம் இருப்பது அசெம்பிளி மொழி. ஒரு வரிக்கு ஒரு கட்டளை. ஒரு கட்டளைக்கு இயந்திரத்தின் ஒரே செயல். சி, பைத்தான் போன்ற மொழிகளில் ஒரு வரி உள்ளே நூறு கட்டளைகளாக விரியலாம். இங்கே அப்படி எதுவும் ஒளிந்திருக்காது. ‘எம்விஐ’ என்பது ‘மூவ் இம்மீடியட்’ என்பதன் சுருக்கம்: உடனே பின்னால் வரும் எண்ணை எடுத்து இந்தக் கிண்ணத்தில் போடு. ‘ஆட் பி’: பி-யில் இருப்பதை ஏ-வில் இருப்பதோடு கூட்டு. ‘எஸ்டிஏ’ என்பது ‘ஸ்டோர் ஏ’: ஏ-வில் இருப்பதை இந்த முகவரியில் வை.

செயலி இதை எப்படி ஓட்டுகிறது என்பதை மெதுவாகப் பார்க்க வேண்டும். செயலிக்குள் ‘புரோகிராம் கவுண்டர்’ என்று ஒன்று உண்டு. அடுத்து எந்த முகவரியைப் படிக்க வேண்டும் என்ற எண் மட்டும் அதில் இருக்கும். நாம் ஓடச் சொன்னதும் அதில் 4100 வந்து உட்காருகிறது. செயலி 4100-ஐ முகவரிக் கம்பிகளில் வைக்கிறது. நினைவகம் 3ஈ என்று பதில் சொல்கிறது. கவுண்டர் 4101 ஆகிறது. 3ஈ என்றால் ‘அடுத்த பைட்டை எடுத்து ஏ-வில் போடு’ என்று செயலியின் உள்சுற்று அறிந்திருக்கிறது. எனவே 4101-ஐப் படித்து 05-ஐ ஏ-வில் போடுகிறது. கவுண்டர் 4102. அங்கே 06. இப்படியே போகிறது. எடு, புரிந்துகொள், செய். இந்த மூன்றைத் தவிர வேறெதையும் எந்தச் செயலியும் செய்வதில்லை.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழ வேண்டும். 4100-இல் இருக்கும் 3ஈ ஒரு கட்டளை, 4101-இல் இருக்கும் 05 ஒரு தகவல் என்று செயலிக்கு எப்படித் தெரியும்? தெரியாது. நினைவகத்தில் இருப்பவை எல்லாம் வெறும் எண்கள்தான். எந்த எண்ணிலும் ‘நான் கட்டளை’, ‘நான் தகவல்’ என்று எழுதி ஒட்டியிருக்கவில்லை. செயலி எந்த இடத்தில் படிக்கத் தொடங்குகிறது என்பதுதான் பொருளைத் தீர்மானிக்கிறது.

சோதித்துப் பார்க்கலாம். இதே நிரலை 4100-க்குப் பதிலாகத் தவறுதலாக 4101-இலிருந்து ஓடச் சொன்னால்? முதலில் 05 கிடைக்கும். 8085-இன் அகராதியில் 05 என்பது ‘டிசிஆர் பி’, அதாவது பி-யில் ஒன்றைக் குறை என்ற முறையான கட்டளை. செயலி எந்தத் தயக்கமும் இல்லாமல் அதைச் செய்யும். அடுத்து 06 03, பி-யில் மூன்று. அடுத்து 80, கூட்டல். ஆனால் ஏ-வில் ஐந்தைப் போடவே இல்லை. முன்பு அதில் என்ன கிடந்ததோ அதோடு மூன்று சேர்ந்து 4500-இல் போய் உட்காரும். பிழைச் செய்தி எதுவும் வராது. தவறான விடைதான் வரும். இதை ஒரு முறை கிட்டில் செய்து பார்த்தவர்கள், வைரஸ் நிரல்கள் தகவலுக்குள் ஒளிந்து வந்து கட்டளையாக மாறுவது எப்படி என்பதையும் பிற்பாடு எளிதாகப் புரிந்துகொள்வார்கள். அடிப்படை இதுதான்.

இன்னொரு விஷயம்: 4500 என்ற முகவரி 00 45 என்று தலைகீழாக எழுதப்பட்டிருக்கிறது. இன்டெல் செயலிகளின் வழக்கம் அது. 16 பிட் எண்ணின் கீழ்ப்பாதி முதலில், மேல்பாதி பிறகு. கையால் ஹெக்ஸ் தட்டுகிறவர்கள் முதல் மாதத்தில் செய்யும் தவறுகளில் பாதி இங்கேதான். 45 00 என்று தட்டினால் விடை 0045 என்ற முகவரியைத் தேடிப் போகும். பல கிட்களில் அங்கே அழிக்க முடியாத ரோம் இருக்கும். விடை எங்கும் பதியாது.

கடைசி 76-ஐ மறந்துவிட்டால்? கவுண்டர் 4109-க்குப் போகும், 410ஏ-வுக்குப் போகும். அங்கே கிடக்கும் எண்களை எல்லாம் கட்டளை என்று எடுத்துக்கொண்டு செயலி போய்க்கொண்டே இருக்கும். ‘நிரல் முடிந்துவிட்டது’ என்ற எண்ணம் நமக்குத்தான் உண்டு, அதற்குக் கிடையாது.

நேரத்தையும் விரல்விட்டு எண்ணலாம் என்பது அசெம்பிளியின் தனி அழகு. எம்விஐ-க்கு 7 கடிகாரத் துடிப்பு, ஆட்-க்கு 4, எஸ்டிஏ-வுக்கு 13, ஹால்ட்டுக்கு 5. நம் நிரலுக்கு மொத்தம் 36. செயலி 3 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் 12 மைக்ரோ விநாடி. ஏறக்குறைய அல்ல, சரியாக. இன்றைய செயலிகளில் கேஷ், ஊகித்து முன்னே ஓடுதல் என்று பல ஏற்பாடுகள் வந்துவிட்டதால் இந்தத் துல்லியம் போய்விட்டது.

இந்த எண்களை எல்லாம் மனிதரே தேடி எழுத வேண்டுமா? ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. லண்டன் பர்க்பெக் கல்லூரியில் ஏஆர்சி என்ற கணினிக்காக வேலை செய்த கேத்லீன் பூத், 1947-லேயே எண்களுக்குப் பதில் குறியீடுகளால் கட்டளைகளை எழுதும் முறையை வகுத்தார். அசெம்பிளி மொழியின் தாய் என்று அவரைச் சொல்வது வழக்கம். 1949-இல் கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினி ஓடத் தொடங்கியபோது, டேவிட் வீலர் எழுதிய 31 கட்டளைகள் கொண்ட சிறு நிரல் ஒன்று, துளையிட்ட காகித நாடாவில் எழுத்தும் எண்ணுமாக இருந்த கட்டளைகளைப் படித்து இயந்திர எண்களாக மாற்றி நினைவகத்தில் ஏற்றியது. எழுத்தை எண்ணாக மாற்றும் சலிப்பான வேலையை இயந்திரத்திடமே கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் அங்கே வேர் பிடித்தது. இந்த மாற்றும் நிரலுக்கு இன்று அசெம்பிளர் என்று பெயர்.

அசெம்பிளர் இருந்தால் முகவரிகளையும் நாம் எண்ண வேண்டாம். ஓர் இடத்துக்கு ‘சுற்று’ என்று பெயர் வைத்துவிட்டு, ‘சுற்றுக்குத் தாவு’ என்று எழுதினால் போதும். அசெம்பிளர் பொதுவாக நிரலை இரண்டு முறை படிக்கும். முதல் முறை ஒவ்வொரு பெயரும் எந்த முகவரியில் விழுகிறது என்று பட்டியல் போடும். இரண்டாம் முறை அந்த முகவரிகளை உரிய இடங்களில் நிரப்பும். பின்னால் வரப்போகும் பெயரை முன்னாலேயே பயன்படுத்த முடிவது இதனால்தான்.

ஆனாலும் முதல் பத்து நிரல்களையாவது தாளில் கையால் எண்ணாக மாற்றித் தட்டச் சொல்வேன். கிட்டில் தட்டிய கை மறக்காது.

இனி சுழற்சிக்கு வருவோம். எந்த உருப்படியான வேலைக்கும் ஒரே செயலைப் பல முறை செய்ய வேண்டியிருக்கும். 4500 முதல் 4504 வரை ஐந்து எண்கள் இருக்கின்றன. அவற்றைக் கூட்ட வேண்டும்.

4100: 21 00 45 — எல்எக்ஸ்ஐ எச், 4500
4103: 3ஈ 00 — எம்விஐ ஏ, 00
4105: 06 05 — எம்விஐ பி, 05
4107: 86 — ஆட் எம்
4108: 23 — ஐஎன்எக்ஸ் எச்
4109: 05 — டிசிஆர் பி
410ஏ: சி2 07 41 — ஜேஎன்இசட் 4107
410டி: 77 — மூவ் எம், ஏ
410ஈ: 76 — ஹால்ட்

முதல் வரி எச்-எல் இணையில் 4500 என்ற முகவரியை வைக்கிறது. இனி ‘எம்’ என்று எங்கே எழுதினாலும், ‘எச்-எல் சுட்டிக்காட்டும் இடத்தில் இருக்கும் பைட்’ என்று பொருள். சி மொழியில் பாயிண்டர் என்றாலே பயப்படுகிற மாணவர்களுக்கு இந்த ஒரு வரியைக் காட்டினால் போதும். பாயிண்டர் என்பது முகவரியை வைத்திருக்கும் ஒரு கிண்ணம். வேறு மர்மம் ஒன்றும் அதில் இல்லை. ‘ஐஎன்எக்ஸ் எச்’ சுட்டும் விரலை அடுத்த முகவரிக்கு நகர்த்துகிறது. பி-யில் எத்தனை சுற்று மீதி என்ற எண்ணிக்கை.

‘ஜேஎன்இசட்’ என்பது ‘சுழியம் இல்லையென்றால் தாவு’. எது சுழியம் இல்லையென்றால்? இங்கேதான் ஃபிளாக் என்கிற கொடிகள் வருகின்றன. ஒவ்வொரு கணக்குக்குப் பிறகும் செயலி ஐந்து சின்னக் கொடிகளை ஏற்றவோ இறக்கவோ செய்கிறது: விடை சுழியமா, எதிர்மக் குறி உண்டா, மிகுதி வந்ததா, பாதியில் மிகுதி வந்ததா, ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையா. ‘டிசிஆர் பி’ செய்து பி சுழியமானால் சுழியக் கொடி ஏறும். ஜேஎன்இசட் அந்தக் கொடியை மட்டும் பார்க்கும். பி-யை அது பார்ப்பதில்லை. கணினி ‘முடிவெடுக்கிறது’ என்று நாம் சொல்வதெல்லாம் கடைசியில் இதுதான்: ஒரு பிட்டைப் பார்த்துவிட்டுப் புரோகிராம் கவுண்டரை மாற்றுவதா, விடுவதா.

01, 02, 03, 04, 05 என்று ஐந்து எண்களை வைத்து ஓட்டினால் ஏ-வில் 01, 03, 06, 0ஏ, 0எஃப் என்று வரிசையாக வரும். ஐந்து சுற்று முடிந்ததும் எச்-எல் 4505-இல் நிற்கும்; விடை அங்கேயே பதியும். பதினைந்துக்குப் பதில் 0எஃப் என்று திரையில் பார்த்துவிட்டு, தவறு என்று நிரலை அழித்த மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது சரியான விடைதான்.

ஐந்துக்குப் பதில் ஐந்நூறு எண்கள் என்றால்? பி ஒன்றில் 255-க்கு மேல் நிற்காது. பி-சி இணையை எடுத்து, அதில் ஐந்நூறை வைத்து, ‘டிசிஎக்ஸ் பி’ என்று இணையாகவே குறைத்துவிட்டு ஜேஎன்இசட் போடலாமே என்று தோன்றும். எழுதிப் பார்த்தால் நிரல் சரியாகவே தெரியும். ஓடாது. இந்தப் பிழையை நான் ஒரு முழு மதியம் தேடியிருக்கிறேன். ஒவ்வோர் எண்ணையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். தட்டச்சில் தவறே இல்லை. மாலையில் கட்டளை அட்டவணையின் ஓரத்தில் இருந்த பத்தியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது: டிசிஎக்ஸ் சுழியக் கொடியைத் தொடுவதே இல்லை. டிசிஆர் கூட்டல் கழித்தல் செய்யும் கணக்குச் சுற்றின் வழியே போகிறது. கொடிகள் அங்கேதான் இருக்கின்றன. டிசிஎக்ஸ், ஐஎன்எக்ஸ் இரண்டும் முகவரிகளை ஏற்றி இறக்குவதற்கென்றே இருக்கும் தனிச் சுற்றில் நடக்கின்றன. அப்படியானால் என் ஜேஎன்இசட் எந்தக் கொடியைப் பார்த்தது? அதற்கு முன்னால் நடந்த கூட்டலின் கொடியை. கூட்டுத்தொகை தற்செயலாகச் சுழியமாகும்வரை சுழற்சி நிற்கவே நிற்காது.

இதற்கு வழக்கமான தீர்வு உண்டு. கூட்டுத்தொகையை வேறொரு ரிஜிஸ்டரில் பத்திரப்படுத்திவிட்டு, பி-யை ஏ-வுக்கு எடுத்து, அதைச் சி-யோடு ‘ஆர்’ செய்வது. இரண்டும் சுழியமாக இருந்தால்தான் விடை சுழியமாகும்; அப்போது கொடி சரியாக ஏறும். சில வரிகள் கூடுதல். ஆனால் அந்த வரிகள் ஏன் வந்தன என்று சொல்லத் தெரிந்தவருக்கு, சில்லின் உள்வரைபடமே தெரிந்திருக்கிறது. பாடப்புத்தகங்கள் இதை ஒரு குறிப்பாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன. அங்கே நிறுத்தி ஒரு மணி நேரம் பேச வேண்டும்.

மிகுதிக் கொடியும் இப்படித்தான். 200-ஐயும் 100-ஐயும் கூட்டினால் 300. ஏ-வில் 255-க்கு மேல் கொள்ளாது. எனவே 44 மட்டும் நிற்கும், மீதி 256 மிகுதிக் கொடியாகப் போகும். அந்தக் கொடியைப் பார்த்து இன்னொரு ரிஜிஸ்டரில் ஒன்றைக் கூட்டிக்கொள்வது நம் பொறுப்பு. பார்க்காவிட்டால் 300 ரூபாய் 44 ரூபாயாகிவிடும், யாரும் எச்சரிக்க மாட்டார்கள்.

8085-க்குப் பெருக்கத் தெரியாது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஏழையும் ஐந்தையும் பெருக்க ஏழை ஐந்து முறை கூட்ட வேண்டும், அல்லது இடம் நகர்த்திக் கூட்டும் வாய்ப்பாட்டை நாமே எழுத வேண்டும். பெருக்கலுக்கென்று தனிக் கட்டளை 1978-இல் வந்த 8086-இல் இருந்தது.

காத்திருப்பதற்கும் தனிக் கட்டளை கிடையாது. ஆய்வகத்தில் போக்குவரத்து விளக்குப் பயிற்சி செய்யும்போது சிவப்பு கொஞ்ச நேரம் எரிய வேண்டும் அல்லவா? சி-யில் 255-ஐப் போட்டு, ‘டிசிஆர் சி’, ‘ஜேஎன்இசட்’ என்று வெறுமனே சுழலவிடுவோம். ஒரு சுற்றுக்கு 4-உம் 10-உம் 14 துடிப்பு. 255 சுற்றுக்கு ஏறத்தாழ 3,570 துடிப்பு. 3 மெகாஹெர்ட்ஸில் சுமார் 1.2 மில்லி விநாடி. அதற்கு வெளியே இன்னொரு சுற்று, அதற்கும் வெளியே ஒன்று. நொடிக்கணக்கில் விளக்கு எரிவது இப்படித்தான்.

துணைநிரல், அடுக்கு என்று இன்னும் பாடங்கள் இருக்கின்றன. அடுக்கைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். ‘கால்’ கட்டளை, திரும்பி வர வேண்டிய முகவரியை அடுக்கின் மேல் வைத்துவிட்டுப் போகிறது. ‘ரெட்’ மேலே இருப்பதை எடுத்துக்கொண்டு திரும்புகிறது. கல்யாணப் பந்தியில் அடுக்கிய எவர்சில்வர் தட்டுகளைப் போல, கடைசியில் வைத்ததுதான் முதலில் கைக்கு வரும். நடுவில் ஒரு ‘புஷ்’ செய்துவிட்டு ‘பாப்’ செய்ய மறந்தால், திரும்பும் முகவரி என்று ‘ரெட்’ எடுப்பது உங்கள் தகவலைத்தான். பிறகு செயலி எங்கே போகும் என்பது அந்தத் தகவலின் மதிப்பைப் பொறுத்தது.

8085-க்கு எழுதியது உங்கள் கைபேசியில் ஓடாது. ஒவ்வொரு செயலிக் குடும்பத்துக்கும் தனி அசெம்பிளி மொழி. கைபேசிகளில் பெரும்பாலும் ஆர்ம், மேசைக் கணினிகளில் பெரும்பாலும் இன்டெல்லின் எக்ஸ்86 வழி வந்தவை. கலிபோர்னியாவின் பெர்க்லியில் 2010-இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் யாரும் உரிமம் வாங்காமல் பயன்படுத்தக்கூடிய கட்டளைத் தொகுப்பு. சென்னை ஐஐடியில் உருவான சக்தி செயலிகள் அதைத்தான் பின்பற்றுகின்றன. அதில் 32 ரிஜிஸ்டர்கள். அவற்றுள் முதலாவதில் எப்போதும் சுழியம்தான். ‘ஆட் எம்’ மாதிரி நினைவகத்திலிருந்தே நேராகக் கூட்டும் கட்டளை அதில் இல்லை. முதலில் ரிஜிஸ்டருக்கு எடுத்து வந்தாக வேண்டும். எழுத்தும் சொல்லும் மாறினாலும் எடு, புரிந்துகொள், செய் என்ற நடை மாறவில்லை. ஒன்றை நன்றாகக் கற்றவர் இன்னொன்றைச் சில வாரங்களில் பிடித்துவிடுவார்.

இன்றும் அசெம்பிளியில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் சில வரிகள், லினக்ஸ் கருவில் ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாறும் இடம், மறைகுறியீட்டு நூலகங்கள், காணொளியை விரித்துக்காட்டும் நிரல்களின் உள்வட்டம் ஆகியவை கையால் எழுதப்படுகின்றன. மற்றபடி நல்ல கம்பைலர்கள் மனிதரைவிடச் சுருக்கமாகவும் வேகமாகவும் எழுதிவிடுகின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கம்பைலர் எழுதியதைப் படித்து, ‘இங்கே ஏன் நேரம் போகிறது’ என்று சொல்ல ஒருவர் வேண்டும். அவருக்கு அசெம்பிளி தெரிந்திருக்க வேண்டும்.

கிட் கையில் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். க்னூசிம்8085 போன்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு கட்டளையாக நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்க்கலாம். அதற்கும் முன்னால் ஒரு நோட்டை எடுங்கள். பக்கத்தைக் குறுக்கே பிரித்து, புரோகிராம் கவுண்டர், ஏ, பி, எச்-எல், சுழியக் கொடி என்று ஐந்து பத்தி போடுங்கள். மேலே உள்ள ஐந்து எண் கூட்டலில் 4106-இல் இருக்கும் 05-ஐ 00 ஆக மாற்றிக்கொள்ளுங்கள். கூட்ட வேண்டிய எண்களின் எண்ணிக்கை சுழியம். அப்படியானால் சுழற்சி எத்தனை முறை ஓடும்? கூட்டல் முதலில் நடந்துவிடுகிறது, பிறகுதான் பி குறைகிறது என்பதையும், 00-இலிருந்து ஒன்றைக் குறைத்தால் எட்டு பிட்டில் என்ன வரும் என்பதையும் மனத்தில் வைத்து வரி வரியாக எழுதிக்கொண்டு போங்கள். முதல் மூன்று சுற்றுக்குள் விடை உங்கள் நோட்டிலேயே தெரிந்துவிடும்.